தாய்வீடு இல்லாத ராணி: பிராங்கு அரசி பால்தில்ட் ஆண்ட விதம்

ராணி என்றதும் மகுடமும் சிம்மாசனமும் கண்ணுக்குள் வந்தால், 7ஆம் நூற்றாண்டுப் பிராங்கு நாட்டைப் படிக்கும்போது அவை இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவது நல்லது. இன்றைய பிரான்சையும் அதை ஒட்டிய ரைன் ஆற்றுப் பகுதிகளையும் ஆண்ட மெரோவிங்கியக் குலத்தில் ராணி என்பது ஒரு பதவியே அல்ல. முடிசூட்டு விழா கிடையாது. அவளுக்கு இவ்வளவு அதிகாரம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ராஜா வைத்துக்கொள்ளும் வரை ராணி. தாகோபெர்ட் என்ற ராஜா தம் மனைவி கோமாத்ருதை ஒரு மாளிகையில் விட்டுவிட்டு, பணிப்பெண்களில் ஒருத்தியான நாந்தில்டை மணந்துகொண்டார். கோமாத்ருத் அன்றோடு ராணி இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில் 657 முதல் சுமார் எட்டு ஆண்டுகள் ஒரு பெண் ஆண்டார். பிஷப்புகளை நியமித்தார், வரியை நீக்கினார், மடங்களின் சட்டதிட்டத்தையே மாற்றினார், பக்கத்து நாட்டு அரியணையில் தம் மகனை உட்கார வைத்தார். அவர் பெயர் பால்தில்ட். இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்த சாக்சன் அடிமை. அவரை விற்றது ‘மலிவான விலைக்கு’ என்று, அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த செல் என்ற ஊரின் மடத்தில் எழுதிய அவருடைய வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. அதே வாக்கியத்தில் அவரைக் கடவுளின் விலையுயர்ந்த முத்து என்றும் சொல்கிறது.

இவர் எப்படி ஆண்டார் என்பதைப் பார்த்தால், அந்தக் காலத்து ராணிகளின் அதிகாரம் எங்கிருந்து வந்தது, எங்கே அறுந்தது என்பது இரண்டும் புரியும்.

முதலில் நாட்டின் அமைப்பு. 511இல் முதலாம் குளோவிஸ் இறந்ததிலிருந்து பிராங்கு நாடு பாகப்பிரிவினை ஆகிக்கொண்டே இருந்தது. 7ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு அரசவைகள் இருந்தன. மேற்கே பாரிஸைச் சுற்றிய நியூஸ்ட்ரியா. தெற்கில் ரோன், சோன் ஆறுகள் ஓடும் பர்கண்டியும் இதோடு சேர்ந்தது. கிழக்கே மெட்ஸ் நகரைச் சுற்றிய ஆஸ்ட்ரேசியா. ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா, அவருக்கு அடுத்தபடியாக ஒரு அரண்மனை மேலாளர். பெயரைக் கேட்டால் வீட்டு நிர்வாகி போலத் தோன்றும். உண்மையில் பிரபுக்களின் தலைவர் அவர்தான். படையும் நிலமும் யாருக்குப் போகின்றன என்பதில் அவருடைய சொல் ஏறும்.

ராஜாவாக முக்கியத் தகுதி தந்தை வழி ரத்தம். வெட்டாமல் வளர்த்த நீண்ட முடி அதன் அடையாளம். தாய் யார் என்பதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் சகித்தாரியஸ் என்ற பிஷப், குந்த்ராம் ராஜாவின் பிள்ளைகளுக்கு அரசுரிமை கிடையாது, அவர்களின் தாய் முன்பு வேலைக்காரியாக இருந்தவள் என்று பேசினார். இதைப் பதிவு செய்த தூர் நகரத்து பிஷப் கிரெகோரி ஒரே வரியில் மறுக்கிறார்: இப்போதெல்லாம் தாயின் குலம் எதுவானாலும் ராஜாவுக்குப் பிறந்தவர்கள் ராஜாவின் பிள்ளைகளே. மெரோவிங்கிய ராணிகளின் கதைக்கெல்லாம் சாவி இந்த வரிதான். ஃபிரெதெகுந்த், நாந்தில்ட், பால்தில்ட் என்று பணிப்பெண்களாக இருந்தவர்கள் ராணியாக முடிந்தது இதனால்தான். ராஜாவுக்கும் இதில் ஒரு வசதி. பெரிய பிரபுவின் மகளைக் கட்டினால் மாமனாரும் மைத்துனர்களும் அரண்மனைக்குள் வந்துவிடுவார்கள். அடிமைப் பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அதே காரணம் அவளைத் தாக்கவும் செய்யும். கணவன் இறந்தால் அவளுக்காக வாளெடுக்க அண்ணன் தம்பி யாரும் இல்லை. போய்ச் சேரத் தாய்வீடு இல்லை. பால்தில்டின் ஆட்சியில் நடந்த ஒவ்வொன்றையும் இந்த இல்லாமையை வைத்துப் படித்தால் கணக்கு நேராகும்: இல்லாத உறவை அவர் பிஷப்புகளாலும் மடங்களாலும் கட்டியெழுப்பினார்.

கிண்ணம் நீட்டியவர்

பால்தில்டை வாங்கியவர் எர்க்கினோவால்ட். 641 முதல் நியூஸ்ட்ரியாவின் அரண்மனை மேலாளர், ராஜாவின் பாட்டி வழியில் உறவினர். அவருடைய அறையில் பானக் கிண்ணம் எடுத்துக் கொடுப்பது பால்தில்டின் வேலை. மூத்த பணிப்பெண்களின் செருப்பைக் கழற்றி, கால் கழுவ நீர் கொண்டுவந்து தருவாராம். எர்க்கினோவால்டின் மனைவி இறந்ததும் அவர் பால்தில்டையே மணக்க நினைத்தார். கூப்பிட்டு அனுப்பியபோது பால்தில்ட் ஒரு மூலையில் கந்தல் துணிகளைத் தம்மேல் இழுத்துப் போட்டு ஒளிந்துகொண்டார். அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளும் வரை கண்ணில் படவே இல்லை. துறவிகள் எழுதிய புகழ்மாலை என்பதால் இதைப் பணிவின் அடையாளமாகச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு அதில் தெரிவது வேறு: கிண்ணம் கொடுப்பவர் மேசையில் நடக்கும் பேச்சையெல்லாம் கேட்கும் இடத்தில் நிற்பவர். அரசியல் கற்க அதைவிட நல்ல இடம் அரண்மனையில் குறைவு.

648ஐ ஒட்டி இரண்டாம் குளோவிஸ் அவரை மணந்தார். ராஜாவுக்கு அப்போது பதினைந்து வயது போல இருக்கும். தம் வீட்டில் வளர்ந்த பெண் ராஜாவின் அறைக்குப் போவதில் எர்க்கினோவால்டுக்கு நஷ்டமில்லை என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மூன்று மகன்கள் பிறந்தார்கள்: குளோதார், சில்தெரிக், தியூதெரிக். மூவருமே பின்னால் ராஜாக்கள் ஆனார்கள்.

பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ஒரு மெரோவிங்கிய ராணியின் கால் தரையில் ஊன்றும். அதன் பிறகும் ராணிக்குக் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, அரண்மனை இல்லம்: யார் உள்ளே வருகிறார்கள், எந்த இளைஞன் யாரிடம் வளர்கிறான் என்பது. பிரபுக்களின் பிள்ளைகள் அரசவையில் வளர்ந்து, பிறகு கோமான்களாகவும் பிஷப்புகளாகவும் வெளியே போவார்கள். அவர்களுக்கு ராணி ஒரு வகையில் வளர்ப்புத்தாய். அந்தக் குறிப்பும் பால்தில்டைப் பிரபுக்களுக்குத் தாய் போலவும், பாதிரிமார்களுக்கு மகள் போலவும் இருந்தவர் என்கிறது. இது வெறும் உபசார மொழியல்ல, வேலை விவரம்.

இரண்டாவது கருவூலம். 639இல் தாகோபெர்ட் இறந்தபோது கருவூலத்தை இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரித்தார்கள். ஆனால் நாந்தில்டோடு வாழ்ந்த காலத்தில் ராஜா சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று ஒதுக்கினார்கள். கைம்பெண் ராணிக்குக் கையில் காசு இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. பால்தில்டுக்குக் கணவர் உயிரோடு இருந்தபோதே ஜெனேசியஸ் என்ற மடத்துத் தலைவரை உதவிக்குக் கொடுத்திருந்தார். ஏழைகளுக்குச் சோறும் துணியும், மடங்களுக்குப் பொன்னும் வெள்ளியும் அவர் கை வழியாகப் போயின. இந்த ஜெனேசியஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லியோனில் மறுபடி வருவார்.

657இல் குளோவிஸ் இருபது சொச்ச வயதிலேயே இறந்தார். மூத்தவர் மூன்றாம் குளோதார் சிறு பிள்ளை. நாட்டைப் பிரிக்காமல் அவரையே நியூஸ்ட்ரியாவுக்கும் பர்கண்டிக்கும் ராஜாவாக்கினார்கள். ஆட்சி தாயின் கையில். அடுத்த ஆண்டு வாக்கில் எர்க்கினோவால்டும் இறந்தார். பிரபுக்கள் கூடி எப்ரோவின் என்பவரை மேலாளராகத் தேர்ந்தார்கள். பால்தில்டுக்குப் பக்கபலமாக நின்றவர்களில் இருவர் முக்கியம்: ரூவான் நகரத்து பிஷப் அவுதோயின், பாரிஸ் பிஷப் குரோதோபெர்ட். மேலாளர், பிஷப்புகள், ராணி என்று மூன்று கால்களில் நின்ற ஆட்சி இது. ஒரு கால் தனியாக நடக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது பின்னால் தெரிந்தது.

மடத்துக்குக் கொடுத்து வாங்கியது

மடங்களுக்கு அள்ளிக் கொடுத்தார் என்றால் பக்தி என்று எளிதாகக் கடந்துவிடுவோம். பக்தி உண்மைதான். ஆனால் பால்தில்ட் செய்ததன் நுணுக்கம் கொடையில் இல்லை, பட்டயத்தில் இருக்கிறது.

அன்றைய பிஷப் வெறும் பூசாரியல்ல. நகரத்தின் நீதி, மதில், வறியோர் உதவி என்று பல அவர் பொறுப்பில் இருந்தன. பெரும்பாலும் உள்ளூர்ப் பெரிய குடும்பத்து ஆள்தான் பிஷப். அந்த வட்டாரத்தில் ஒரு புனிதரின் கல்லறை இருந்து, மக்கள் காணிக்கை கொட்டினால், அந்த வருமானத்தின்மேலும் அவருக்குக் கண். இதைத் துண்டிக்க இரண்டு கருவிகள் இருந்தன. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று ராஜா தருவது. நம் கல்வெட்டுகளில் வரும் இறையிலி நிலத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கலாம், ஆனால் இதன் எல்லை இன்னும் அகலம். இந்த உரிமை பெற்ற மடத்தின் நிலத்துக்குள் அரசு அதிகாரி கால் வைக்கக் கூடாது: வழக்கு விசாரிக்க, அபராதம் வசூலிக்க, தங்கிச் சாப்பிட, எதற்கும். வரவேண்டிய அபராதமும் மடத்துக்கே.

மற்றது பிஷப் தருவது. இங்கேதான் சிக்கல். பிஷப்பின் உரிமையை ராஜா பறிக்க முடியாது. பிஷப்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து பிஷப்புகள் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு ராஜா உறுதிப்படுத்துவார். இதற்கு முன்மாதிரி குளோவிஸ் காலத்திலேயே இருக்கிறது. பாரிஸ் பிஷப் லாந்தெரிக் புனித தெனி மடத்துக்கு எழுதிக் கொடுத்ததை 654 ஜூன் 22இல் ராஜா உறுதிப்படுத்தினார். பாப்பிரஸ் தாளில் எழுதிய அந்த மூலப் பட்டயம் இன்றும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

பால்தில்ட் புதிதாக நிறுவிய கொர்பி மடத்துக்கு 664இல் அமியான் பிஷப் பெர்த்தெஃப்ரிட் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் பிஷப் எதையெல்லாம் இழந்தார் என்று தெரியும். மடத்தின் சொத்தில் அவருக்குப் பங்கில்லை. துறவிகள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்துகொள்வார்கள். பீடத்தை அர்ச்சிப்பது, திருத்தைலம் மந்திரிப்பது, குருப்பட்டம் கொடுப்பது ஆகியவற்றைக் கேட்டால் செய்ய வேண்டும், கூலி வாங்கக் கூடாது. அழைத்தால் மட்டும் உள்ளே வரலாம். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

ராணிக்கு இதில் என்ன கிடைத்தது? உள்ளூர்க் குடும்பங்களின் பிடியிலிருந்து விலகி, அரசவையை மட்டும் நம்பி நிற்கும் நிலமும் மனிதர்களும் கிடைத்தார்கள். ராஜாவுக்காகவும் நாட்டுக்காகவும் இரவும் பகலும் வேண்டுதல் கிடைத்தது. அதை அந்தக் கால மனிதர்கள் படைக்குச் சமமான பாதுகாப்பாகவே மதித்தார்கள்.

புதிய மடம் என்றால் இப்படி அடித்தளத்திலிருந்தே எழுதிவிடலாம். பழைய பெரிய கோயில்கள்தான் கடினம். புனித தெனி, ஜெர்மானுஸ், சுவாசோனில் மெதார், பேதுரு, ஓர்லியானில் அஞ்ஞான், தூரில் மார்ட்டின் என்று ஆறு பெயர்களைக் குறிப்பு வரிசையாகச் சொல்கிறது. அங்கே இருந்தவர்கள் தளர்வான வாழ்க்கைக்குப் பழகியவர்கள். பால்தில்ட் அந்தந்த பிஷப்புகளுக்கும் மடத்துத் தலைவர்களுக்கும் கடிதங்கள் அனுப்பினார்: துறவிகள் ஒழுங்கான விதிப்படி வாழ வேண்டும். அவர்கள் மனமுவந்து ஒப்புக்கொள்வதற்காக மேற்சொன்ன உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தார். விதி என்றால் புனித பெனெடிக்டின் விதியும், 590ஐ ஒட்டி லுக்ஸே மடத்தை நிறுவிய அயர்லாந்துத் துறவி கொலும்பானுஸின் விதியும் கலந்தது. கொர்பிக்கு முதல் தலைவராக வந்த தெவுதேஃப்ரிட் அந்த லுக்ஸேயிலிருந்து வந்தவர்தான். ஆக, தண்டனை இல்லை, பேரம். ஒழுங்குக்கு வா, சுதந்திரம் வாங்கிக்கொள். எனக்கு இது அவருடைய ஆட்சியிலேயே மிகச் சாமர்த்தியமான வேலையாகப் படுகிறது. ஆனால் நாடெங்கும் பிஷப்புகளின் வருமானத்தில் கை வைத்த வேலையும் இதுதான்.

கொடைகளும் குறைவில்லை. செய்ன் ஆற்றங்கரையில் ஃபிலிபேர் கட்டிய ஜூமியெஜ் மடத்துக்குப் பெரிய காடும் மேய்ச்சல் நிலமும் போயின. ஒரு மடத்துக்குத் தம் இடுப்பில் கட்டியிருந்த அரச ஒட்டியாணத்தையே கழற்றிக் கொடுத்தார்.

கொர்பிக்குக் குளோதார் பெயரில் கிடைத்த ஒரு சலுகை கொஞ்சம் நின்று பார்க்கத்தக்கது. மத்தியதரைக் கடலோரம் ஃபோஸ் துறைமுகத்தில் இருந்த அரசுக் கிடங்கிலிருந்து மடம் ஆண்டுதோறும் பொருள் எடுத்துக்கொள்ளலாம். 716இல் இதைப் புதுப்பித்த பட்டயத்தில் பட்டியல் இருக்கிறது: 10,000 ராத்தல் எண்ணெய், 150 ராத்தல் சீரகம், 30 ராத்தல் மிளகு, 2 ராத்தல் கிராம்பு, 1 ராத்தல் இலவங்கப்பட்டை, 50 ராத்தல் பேரீச்சை, 100 ராத்தல் அத்தி, 20 ராத்தல் அரிசி, 50 கட்டு பாப்பிரஸ். அந்த மிளகு விளைந்த இடம் மலபார் கரையாகத்தான் இருக்க முடியும். அரபிக்கடலைத் தாண்டி, மத்தியதரைக் கடலைத் தாண்டி, அங்கிருந்து வடபிரான்சின் ஒரு மடத்து அடுக்களை வரை அது போயிருக்கிறது. அரசு தருவது நிலம் மட்டுமல்ல, சுங்கச்சாவடிகளின் ஊடே தடையில்லாத வழியும்கூட என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

அடிமை வணிகமும் தலைவரியும்

பால்தில்ட் அடிமை முறையை ஒழித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு. அவர் தடுத்தது கிறிஸ்தவக் கைதிகளை நாட்டுக்கு வெளியே விற்பதை. உள்நாட்டில் அடிமைகள் இருந்துகொண்டே இருந்தார்கள், மடத்து நிலங்களிலும்கூட. தடை முழுக்க அவருடைய கண்டுபிடிப்பும் அல்ல. 650ஐ ஒட்டி சாலோன் நகரில் கூடிய பிஷப்புகளின் சபை, குளோவிஸின் நாட்டெல்லைக்கு அப்பால் அடிமைகளை விற்கக் கூடாது என்று ஏற்கெனவே விதித்திருந்தது. ராணி அதற்கு ஆணையின் பலம் கொடுத்தார்.

அவர் கையிலிருந்து செலவழித்தது வேறு: கைதிகளைப் பணம் கொடுத்து மீட்டார். முக்கியமாகத் தம் சொந்த இனத்தவரை, அவர்களிலும் பெண்பிள்ளைகளை. பலரை மடங்களில் சேர்த்துவிட்டார். அவருடைய கூட்டாளியும், பொற்கொல்லராக இருந்து பிஷப் ஆனவருமான எலீஜியஸ் இதை எப்படிச் செய்வார் என்று விவரமாகப் பதிவாகியிருக்கிறது. கப்பல் வந்த செய்தி கிடைத்ததும் போய், ஒரே தடவையில் 20, 30, 50 பேர், சில சமயம் 100 பேர்வரை வாங்குவார். விடுதலைக்கு ஒரு சடங்கு உண்டு: அடிமையை ராஜாவின் முன் நிறுத்தி, ஒரு தினாரிக் காசை எறிவார்கள். காசு விழுந்தால் விடுதலை. பிறகு அதற்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு இல்லையென்றால் அடுத்த ஊரிலேயே யாராவது பிடித்து மறுபடி விற்றுவிடலாம்.

தலைவரி விஷயம் இன்னும் கொடியது. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்ததால், பிள்ளை வளர்வதைவிடச் சாவதே மேல் என்று பெற்றவர்கள் நினைக்கும் நிலை இருந்ததாகக் குறிப்பு சொல்கிறது. அந்த வரியைப் பால்தில்ட் நிறுத்தினார். பிஷப் பதவியைக் காசுக்கு விற்பதையும் தடை செய்தார். அதனால் கருவூலத்துக்கும் அரசவைத் தரகர்களுக்கும் இழப்புதான். ஆனால் பதவிக்கு யார் வருவது என்பது ராணியின் கைக்கு வந்தது. ஓதான் நகரில் இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டு இருக்கை காலியாகக் கிடந்தபோது லெவுதேகரை அனுப்பி உட்கார வைத்தது அவர்தான்.

662இல் ஆஸ்ட்ரேசியா கைக்கு வந்தது. அங்கே மேலாளர் கிரிமோவால்ட், இறந்த ராஜாவின் சிறுவனுக்கு மொட்டையடித்து அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டுத் தம் மகனை ராஜாவாக்கியிருந்தார். நீண்ட முடிதான் அரச அடையாளம் என்பதால் மொட்டை என்பது ரத்தம் சிந்தாத பதவிநீக்கம். கிரிமோவால்டைப் பிடித்துப் பாரிஸில் கொன்றார்கள். பால்தில்ட் படை அனுப்பாமல் ஒரு சம்பந்தம் பேசினார்: இரண்டாம் மகன் சில்தெரிக் அங்கே ராஜா, இறந்த ராஜாவின் மகள் பிலிகில்ட் அவருக்கு மனைவி, அவளுடைய தாய் ஹிம்னெகில்ட் பொறுப்பாளர். பிரபுக்களின் ஆலோசனையோடு ராணி செய்த ஏற்பாடு இது என்று குறிப்பு பெருமையாகச் சொல்கிறது.

ஒன்பது பிஷப்புகளைக் கொன்றவரா?

இங்கே கடலின் மறுகரையிலிருந்து ஒரு குரல் வருகிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇங்கிலாந்தில் ஸ்டீஃபன் என்ற பாதிரியார், பிஷப் வில்ஃப்ரிடின் வாழ்க்கையை எழுதினார். அதில் பால்தில்ட் பைபிளில் வரும் யேசபேலைப் போன்ற கொடியவள். ஒன்பது பிஷப்புகளைக் கொல்ல வைத்தவள். அவர்களில் ஒருவர் லியோன் பிஷப் ஆனெமுண்ட். இளைஞர் வில்ஃப்ரிட் அப்போது அவரோடு இருந்தார். தம்மையும் கொல்லட்டும் என்று ஆடையைக் களைந்து நின்றாராம். கொல்ல வந்தவர்கள் இவன் யார் என்று விசாரித்து, பிரிட்டனிலிருந்து வந்த ஆங்கிலேயன், அயலான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

ஒரே பெண் ஒரு நூலில் புனிதை, இன்னொன்றில் கொலைகாரி. இரண்டையும் பாதிப் பாதி நம்புவது தீர்வாகாது. செல் மடத்துக் குறிப்பு அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே, அவரைத் தெரிந்தவர்கள் படிப்பதற்காக எழுதியது. அவர்களுக்கு அவரைப் புனிதையாக்கும் நோக்கம் உண்டு, கசப்பானவற்றை விழுங்கிவிடும். ஸ்டீஃபனோ அரை நூற்றாண்டு கழித்து, செவிவழி வந்ததை எழுதுகிறார். கொல்லப்பட்டவரின் பெயரிலேயே அவருக்குக் குழப்பம். பிஷப்பைத் தல்ஃபினுஸ் என்கிறார், அது அவருடைய சகோதரரின் பெயர். ஒன்பது என்ற எண்ணுக்கு வேறெங்கும் ஆதரவு இல்லை. ஆனால் ஆனெமுண்ட் கொல்லப்பட்டது உண்மை. அந்த இடத்துக்கு அடுத்து வந்தவர் யார் தெரியுமா? அதே ஜெனேசியஸ், ராணியின் தானப் பொறுப்பாளர். பர்கண்டியின் பெரிய நகரம் ஒன்றில் அரசவைக்கு எதிரான குடும்பம் அழிந்து, ராணியின் ஆள் உட்கார்ந்தார். கத்தி எப்ரோவினுடையதாகவே இருந்தாலும், அதனால் வந்த பலன் ராணிக்கும் போய்ச் சேர்ந்தது. சமகாலத்து மக்கள் கணக்குப் போட்டதும் அப்படித்தான்.

ராணியின் ஆட்சி விழுந்தது பாரிஸில். 664 அல்லது 665இல் பாரிஸ் பிஷப்பாக இருந்த சிகோபிராண்டைப் பிரபுக்கள் கொன்றார்கள். அவருடைய கர்வமே அவருக்கு எமனாயிற்று என்கிறது குறிப்பு. அடுத்த வரி இன்னும் கூர்மையானது: ராணியின் விருப்பத்துக்கு மாறாகக் கொன்றதால், அவர் பழிவாங்குவார் என்று பயந்து, மடத்துக்குப் போக உடனே அனுமதித்தார்கள். நெடுநாளாக அவர் மடத்துக்குப் போக ஆசைப்பட்டதாகவும், அவர்மீதுள்ள பாசத்தால் இவர்கள் விடவில்லை என்றும் அதற்கு முன்தான் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மரியாதையோடு நடந்த பதவிநீக்கம் என்று புரிகிறது. மகன் குளோதார் ஆளும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாய் தேவைப்பட்ட காலம் முடிந்தது. தாம் அன்போடு வளர்த்தவர்களே தம்மைச் சந்தேகித்து நன்மைக்குத் தீமை செய்தார்கள் என்று பால்தில்ட் குறைபட்டாராம். பாதிரிமார்கள் நடுவில் பேசி, அவர் மன்னித்ததாக முடிகிறது. வளர்ப்புத்தாய் என்ற உறவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அதுவே அளவு.

அவர் போன பிறகு நடந்ததும் சாட்சி. எப்ரோவினும் லெவுதேகரும் நேருக்கு நேர் மோதினார்கள். லெவுதேகரின் கண்களைக் குருடாக்கிப் பிறகு கொன்றார்கள். ஆஸ்ட்ரேசியாவுக்குப் போன மகன் சில்தெரிக் 675இல், கர்ப்பிணி மனைவியோடு, கொலையுண்டார். பால்தில்ட் இருந்தபோது இந்த ஆட்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்.

செல்

பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றை ஒட்டிய செல் என்ற ஊரில், முதலாம் குளோவிஸின் மனைவி குளோத்தில்ட் கட்டிய சிறு கோயில் இருந்த இடத்தில், பால்தில்ட் ஏற்கெனவே பெரிய பெண்கள் மடம் எழுப்பியிருந்தார். ஜுவார் மடத்திலிருந்து பெர்த்திலாவை வரவழைத்துத் தலைவியாக்கியிருந்தார். கவனிக்க வேண்டியது இதுதான்: தாம் தலைவி ஆகவில்லை. ஓய்வுக்கு வந்தபோது சாதாரணச் சகோதரியாகவே சேர்ந்தார். அடுக்களை வேலை செய்தார், கழிவறை கழுவினார் என்கிறது குறிப்பு.

ஆனால் அரசியல் மூளை ஓயவில்லை. ராஜா, ராணி, பிரபுக்களைப் பரிசுகளோடு அடிக்கடி போய்ப் பார்த்து வாருங்கள், மடத்தின் நல்ல பெயர் அப்போதுதான் நிற்கும் என்று பெர்த்திலாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. கழிவறை கழுவியதைவிட இந்தப் புத்திமதிதான் செல் மடத்தை வளர்த்தது என்று தோன்றுகிறது. பிராங்குப் பேரரசர் சார்லமேனின் சகோதரி கீசலா பின்னால் இதே மடத்துக்குத் தலைவியானார். 680ஐ ஒட்டிப் பால்தில்ட் குடல் நோயால் இறந்தார்.

அவருடைய மகன்கள் இருவர் தந்தையை எதிர்த்துக் கலகம் செய்ததாகவும், கால் நரம்புகளை வெட்டி அவர்களைச் செய்ன் ஆற்றில் படகில் விட்டதாகவும், படகு ஜூமியெஜில் ஒதுங்கியதாகவும் ஒரு கதை உண்டு. 1880இல் லூமினே வரைந்த ஓவியத்தால் அது பிரபலம். கணக்கே இடிக்கிறது: குளோவிஸ் இறந்தபோது பிள்ளைகள் படகு வலிக்கும் வயதில்கூட இல்லை.

பொருள்கள் இரண்டு மிஞ்சியுள்ளன. 1990களின் இறுதியில் இங்கிலாந்தில் நாரிச் அருகே போஸ்ட்விக்கில், உலோகம் தேடும் கருவிக்குச் சிக்கிய ஒரு தங்க முத்திரை, 12 மில்லிமீட்டர் விட்டம். மோதிரத்தில் சுழலும்படி செய்தது. ஒரு பக்கம் ஒரு முகமும் ‘பால்தெகில்திஸ்’ என்ற பெயரும். மறுபக்கம் சிலுவையின் கீழ் அணைத்து நிற்கும் ஆணும் பெண்ணும். இந்த ராணியினுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதே பெயரில் வேறு பெண்களும் இருந்திருக்கலாம். பெயர்ப் பக்கம் அதிகாரபூர்வ முத்திரைக்கும், மறுபக்கம் அந்தரங்கக் கடிதத்துக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.

இன்னொன்று செல் நகர அருங்காட்சியகத்தில் உள்ள துணி. அவருடைய எச்சங்களோடு காத்துவைத்த லினன் மேலாடை. எலீஜியஸ் இறந்த பிறகு ஒரு அரசவை ஆளின் கனவில் வந்து, ராணி நகைகளைக் கழற்ற வேண்டும் என்று சொன்னதாகவும், பால்தில்ட் தங்கக் காப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அந்த ஆடையில் வண்ணப் பட்டு நூலால் கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக மாலைகள், பதக்கங்கள், மார்புக்குக் கீழே தொங்கும் பெரிய சிலுவை என்று தையல் போட்டிருக்கிறது. பைசாந்தியப் பேரரசிகள் அணிந்த நகைகளின் அதே அமைப்பு. ஒரு குந்துமணித் தங்கம் அதில் இல்லை. முன்பக்கம் மட்டுமே இருக்கிறது, முதுகுப்புறம் காணவில்லை.